மாப்பிள்ளைக்குக் கொடுத்த வண்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஆள் ஏற்றிப்போகிற பஸ்களில் மோசஸ் ஓட்டிய பஸ்ஸுக்குத் தூங்குமூஞ்சி பஸ் என்று பேர். ஊத்துக்கோட்டையில் விடியற்காலை ஏறுகிற பெண்கள் பெரியபாளையம் தாண்டுவதற்குள் கண்ணயர்ந்துவிடுவார்கள். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வந்து தகரத்தைத் தட்டும்வரை ஒருத்தியும் அசையமாட்டாள். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறினால்கூடத் தெரியாது, அவ்வளவு நிதானம். மற்ற டிரைவர்கள் அவனை முந்தும்போது ஹாரன் அடித்துக் கேலி செய்வார்கள். அவன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, போப்பா போ என்று வழிவிடுவான்.

அப்படிப்பட்டவனுடைய லைசென்ஸை, அதிவேகமாக ஓட்டினான் என்று சொல்லி முடக்கிப்போட்டார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு வருகிற விஷயம்தான். மோசஸுக்குத்தான் வரவில்லை.

அந்த லைசென்ஸ் அவனுக்கு எப்பேர்ப்பட்டது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். கவரப்பேட்டைப் பக்கம் அவன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். கழனியெல்லாம் கம்பெனியாகவும் குடோனாகவும் மாறியபோது காலனிப் பிள்ளைகள் கான்ட்ராக்டில் மூட்டை தூக்கப் போனார்கள். மோசஸ் லாரியில் கிளீனராக ஏறினான். டீசல் நாற்றத்திலேயே தூங்கி எழுந்து, வண்டி பழகி, கனரக வாகன லைசென்ஸ் எடுத்தான். காலனியில் முதன்முதலாகப் பஸ் ஓட்டியவன் அவன்தான். அந்த அட்டையைச் சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேராக வைத்திருப்பான். சட்டை மாற்றும்போது முதலில் அட்டையை எடுத்துப் புதுச் சட்டைக்குள் போட்டுவிட்டுத்தான் பித்தானையே போடுவான். அவன் மனைவி ரோசம்மாள், "பைபிளக்கூட இப்டி வச்சிக்க மாட்டான் இந்த ஆளு" என்பாள்.

அவனுக்கு ஒரே தங்கை, ஜெனிபர். அவளை ஆரணியில் ஸ்டீபனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஸ்டீபன் சோழவரம் பக்கம் ஒரு குடோனில் சூப்பர்வைசர். ஆள் சிவப்பு, தலைமுடி அடர்த்தி, கோபம் அதைவிட அடர்த்தி. மாப்பிள்ளைக்கு பைக் வாங்கித் தருவதாகப் பேச்சு. மோசஸ் தன் பேரில் கடன் போட்டு வாங்கினான். கல்யாண மண்டபத்து வாசலில் பைக்குக்குச் சாமந்தி மாலை போட்டு, ரிப்பன் கட்டி, ஹேண்டிலில் புது ஹெல்மெட்டையும் மாட்டி நிறுத்தியிருந்தார்கள். போதகர் சாவியைக் கையில் வைத்து ஜெபம் பண்ணிக் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். ஆர்.சி. புத்தகத்தில் யார் பேர் இருக்கிறது என்று அந்த நேரத்தில் யார் பார்க்கப்போகிறார்கள்.

கடன் முடிந்த பிறகு மோசஸ் ஒருமுறை கேட்கத்தான் செய்தான். "மாப்ள, வண்டிய உங்க பேருக்கு மாத்திக்கினா நல்லது." ஸ்டீபன் சிரித்தான். "அதுக்கு இன்னா மச்சான் அவசரம். உங்க பேர்ல இருந்தா இன்னா, என் பேர்ல இருந்தா இன்னா. ஒரே குடும்பந்தான?" ஒரே குடும்பம் என்று மாப்பிள்ளை வாயால் சொன்னதில் மோசஸுக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம். மனுஷன் அவ்வளவு சின்னச் சின்னதுக்கெல்லாம் மனசு குளிர்கிறவன். ஆர்.சி.யில் அவன் பேரே நின்றது, அதில் கொடுத்த போன் நம்பரும் அவனுடையதே.

முதல் மெசேஜ் வந்தபோது ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்தான். கவரப்பேட்டையில் மோனிகா என்ற பெண் வைத்திருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போய்க் காட்டினான். அவள் நம்பரைப் போட்டுத் திறந்தாள். தச்சூர் கூட்டுரோட்டுக்கிட்ட கம்பத்தில் இருக்கிற கேமரா பிடித்த படம். பைக், நம்பர் பிளேட், அதன்மேல் குனிந்து உட்கார்ந்த ஓர் ஆள். ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடி இறங்கியிருந்தது, முகம் தெரியவில்லை. நீல ஜாக்கெட். அதை மோசஸ்தான் கிறிஸ்துமஸுக்கு எடுத்துக்கொடுத்தான்.

"அதிவேகம்னு போட்டுக்குது அங்கிள். நீங்களா ஓட்னீங்க?"

"எங்க மாப்ள."

"அப்ப அவர கட்டச் சொல்லுங்க. நீங்க கட்டிட்டா நீங்கதான் ஓட்னீங்கன்னு ஒத்துக்கினா மாதிரி ஆயிடும்."

"பரவால்லமா. கட்டிடு."

ஏன் கட்டினான் என்றால் அதற்கு ஒரு மோதிரக் கதை இருக்கிறது. கல்யாணமான புதிதில் ஒரு விருந்தில் ரோசம்மாள் சும்மா இராமல், "நாங்க போட்ட மோதிரம் கையில காணோமே மாப்ள" என்று கேட்டுவிட்டாள். அது அடகுக்கடையில் இருந்தது. சாப்பிட்ட இலையை மூடாமல் எழுந்து போனான் ஸ்டீபன். மறுநாள் ஜெனிபர் ஒரு பையோடு அண்ணன் வீட்டு வாசலில் நின்றாள். "போட்டத சொல்லிக் காட்ற ஊட்டுப் பொண்ணு எனக்கு வேணாம்னு அனுப்சிட்டாருண்ணா" என்றாள். மழைக்காலம் முழுக்க அவள் அங்கேதான் இருந்தாள். காலனிப் பெண்கள் குழாயடியில் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். போதகரும் பெரியவர்களும் இரண்டு நடை நடந்து, மோசஸ் கைகட்டி நின்று, அப்புறம்தான் ஸ்டீபன் அவளை அழைத்துக்கொண்டு போனான். அதிலிருந்து மாப்பிள்ளை விஷயம் என்றால் மோசஸின் வாய் தைத்துப்போயிற்று. கொடுத்த வண்டியைப் பற்றிக் கேட்பதும் கொடுத்த மோதிரத்தைப் பற்றிக் கேட்பதும் ஒன்றுதானே.

ஆகவே மெசேஜ் வந்தால் மோனிகா கடைக்குப் போவான். கட்டுவான். ரோசம்மாளிடம் சொல்லமாட்டான். திரும்பவும் வரும். எல்லாம் அதே கம்பம், அதே நீல ஜாக்கெட், அதே குனிந்த முதுகு. "அங்கிள், மறுபடியுமா?" என்று மோனிகா கேட்கும்போது, தானே ஓட்டினவன் மாதிரி அவன் தலையைக் குனிந்துகொள்வான்.

பிறகு தபாலில் நோட்டீஸ் வந்தது. தொடர்ந்து அதிவேகமாக ஓட்டியிருக்கிறாய், உன் ஓட்டுநர் உரிமத்தை ஏன் முடக்கக்கூடாது, வந்து விளக்கம் சொல். ரோசம்மாள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். படித்துப் பார்த்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவிக் கழுவி வெளுத்துப்போன கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"இவ்ளோ நாளா கட்டிக்கினு இருந்துகிற. என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல."

"சொன்னா நீ சும்மா இருப்பியா?"

"இருக்க மாட்டேன். இப்ப இன்னா பண்ணப்போற? லைசென்சு போனா நம்ம பொழப்பு இன்னா ஆவும்?"

மோசஸ் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

ஷிப்ட் மாற்றிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனான். அங்கே இருந்த அலுவலர் பெண்மணி நல்லவிதமாகத்தான் பேசினார். நாற்காலி காட்டினார், படங்களைப் பார்த்தார்.

"ஓட்டினது நீங்க இல்லன்னு சொல்றீங்க. மூஞ்சி தெரியலையே. உங்க உயரம், உங்க உடம்புவாகுதான் தெரியுது. இது உங்க வண்டி, அபராதமும் நீங்கதான் கட்டியிருக்கீங்க."

"எங்க தங்கச்சி ஊட்டுக்காரருங்க மேடம்."

"அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க. நான்தான் ஓட்டினேன்னு எழுதிக் கொடுக்கட்டும். அவர் லைசென்சையும் கொண்டு வரச் சொல்லுங்க. அடுத்த வாரம் வரைக்கும் டைம் தர்றேன்."

மோசஸ் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். ஸ்டீபனிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று அதுவரை அவன் யோசித்ததே இல்லை. பஸ் ஓட்டுகிறவனுக்கு, வண்டி ஓட்டுகிற எல்லாரிடமும் அது இருக்கும் என்று ஒரு நினைப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராக ஆரணிக்குப் போனான். ஜெனிபருக்கு அப்போதுதான் ஏழாம் மாதம் பிறந்திருந்தது. அடுத்த வாரம் வளைகாப்பு. ஸ்டீபன் நல்ல குஷியில் இருந்தான். கோழிக்கறி வாங்கி வந்திருந்தான். "வாங்க மச்சான், வாங்க" என்று தன் கையாலேயே பாய் விரித்தான். இப்படி ஒருநாள் அவன் இருந்து மோசஸ் பார்த்ததில்லை. சாப்பிட உட்கார்ந்தார்கள். கேட்க வேண்டியதைக் கறிக்கும் ரசத்துக்கும் நடுவில் எங்கே நுழைப்பது என்று மோசஸ் தவித்தான். கடைசியில் சுற்றி வளைத்துத் தொடங்கினான்.

"ரோட்டுல இப்ப எல்லாம் கேமரா வச்சிக்கிறாங்களே மாப்ள. கூட்டுரோட்டாண்ட கூட ஒண்ணு கீது."

ஸ்டீபன் எலும்பைக் கடித்துக்கொண்டே சிரித்தான். "அதுவா? பொம்மை மச்சான் அது. சும்மா பயங்காட்ட வச்சிக்கிறானுங்க. நான் தெனம் அதும் கீழதான் பறக்கறேன். என்னிக்கானா ஒரு மெசேஜு வந்துக்குமா எனக்கு? எங்க குடோனு பசங்க எல்லாம் கட்டிக்கினு அழுவறானுங்க. எனக்கு ஒண்ணும் வர்ல. நமக்கு அந்த ராசி."

மோசஸ் சோற்றைப் பிசைந்தான். விழுங்கினான்.

"லைசென்சு எல்லாம் கையில வச்சிக்கினு போறீங்கல்ல?"

"எல்.எல்.ஆர். போட்டேன் எப்பவோ. அதோட வுட்டாச்சு. எவன் போயி எட்டு போட்டுக்கினு நிப்பான், பேஜாரு." சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். குரல் கொஞ்சம் மாறியது. "ஏன் மச்சான் கேக்குறீங்க? வண்டிக்கு எதுனா ஆயிடுச்சின்னு யார்னா சொன்னாங்களா?"

தண்ணீர் வைக்க வந்த ஜெனிபர் அப்படியே நின்றாள். மோசஸ் அவள் முகத்தைப் பார்த்தான். பையோடு வாசலில் நின்ற அன்றைக்கு இருந்த அதே முகம்.

"ஒண்ணும் இல்ல மாப்ள. கம்பெனில எங்களுக்கு ஒரு க்ளாஸு எடுத்தாங்க. அதான் ஞாபகம் வந்துச்சு."

"நல்ல க்ளாஸு" என்று சொல்லி ஸ்டீபன் இன்னொரு துண்டு கறியை அவன் இலையில் வைத்தான்.

பஸ் நிறுத்தம்வரை ஜெனிபர் கூட நடந்து வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள்.

"நீ இன்னாவோ கேக்க வந்த. கேக்காமப் போற."

"அதெல்லாம் இல்லமா."

"எனக்குத் தெர்யும்ணா. வண்டி பத்திதான? எது இருந்தாலும் இப்ப வேணாம். வளகாப்பு முடியட்டும். கொயந்த பொறக்கட்டும். இந்த மனுசன் கொஞ்ச நாளாத்தான் சிரிச்சிப் பேசுது."

அவள் கெஞ்சவில்லை, அழவும் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மோசஸ் அவள் தலையில் கை வைத்து, "போய் உக்காருமா, வெயில்ல நிக்காத" என்றான். பஸ்ஸில் ஏறியபிறகுதான் அவனுக்கு விளங்கியது. ஸ்டீபன் பேரைச் சொன்னால், லைசென்ஸ் இல்லாதவன் கையில் வண்டியைக் கொடுத்தவன் என்று அதற்கும் தன்மேலேயே ஒரு வழக்கு வரும். தங்கையும் பையோடு வருவாள், இந்த முறை வயிற்றுப் பிள்ளையோடு. சொல்லாவிட்டால் அட்டை போகும். ஒவ்வொரு அபராதத்தையும் வாய் திறக்காமல் கட்டிக் கட்டி, கேமரா பொம்மை என்று மாப்பிள்ளையை நம்பவைத்தது வேறு யாரும் இல்லை, அவனேதான். அந்த நினைப்பு ஜன்னல் காற்றிலும் போகவில்லை.

மறுவாரம் ஆபீசில் போய், நான்தான் ஓட்டினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அலுவலர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "போன தடவை வேற மாதிரி சொன்னீங்களே?"

"மறந்துட்டங்க மேடம்."

அட்டையைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தான். மூன்று மாதத்துக்கு முடக்கம். வெளியே வந்து, வழக்கம்போல் நெஞ்சைத் தொட்டான். பை தட்டையாக ஒட்டிக் கிடந்தது. அவனுக்கு அழுகை வந்தது. ஆபீஸ் சுவர் ஓரமாகப் போய், முகம் கழுவுகிற மாதிரி பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டான்.

பஸ் முதலாளி வீரராகவன் கெட்டவர் இல்லை. திட்டாமல், "மோசசு, நீயா?" என்று ஒருமுறை கேட்டார். அப்புறம், மூணு மாசம் ஷெட்டில் வண்டி கழுவு, பார்த்துக்கலாம் என்றார். தூங்குமூஞ்சி பஸ்ஸை லோகு என்ற பையனிடம் கொடுத்தார். சாயங்காலம் அது ஷெட்டுக்கு வரும்போது மோசஸ்தான் குழாய் பிடித்துக் கழுவுவான். சீட்டுக்கடியில் பெண்கள் விட்டுப்போன பூவும் நாஷ்டாப் பொட்டலமும் கிடக்கும். பிரேக்கை லோகு ஏறி மிதித்திருக்கிறான் என்பது டயரைப் பார்த்தாலே தெரிந்தது. இவன் வண்டியில் யாரும் தூங்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வான்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. ஸ்டீபன் எல்லாருக்கும் ஓடி ஓடிப் பரிமாறினான். ரோசம்மாள் வந்தாள், வளையல் போட்டாள், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினாள். வீட்டுக்கு வந்து புடவையை மடிக்கும்போதுதான், "உன் பெருந்தன்மைல நான் சாவறேன்" என்றாள். அவள் சொன்னது நியாயம்.

முடக்கம் முடிந்து அட்டை கைக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு வீரராகவனிடம் ஓடினான். அவர் தலையைச் சொறிந்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல மோசசு. கம்பெனிக்காரன் டிரைவர் பேப்பர் எல்லாம் கேக்குறான். ஸ்பீடுக்கு சஸ்பெண்ட் ஆனவன்னு ரெக்கார்டு இருந்தா லேடீஸ் பஸ்ல ஏத்தக்கூடாதாம். இன்சூரன்சுல ஒத்துக்க மாட்டான்றான். வேற எடம் வர்ற வரைக்கும் கழுவிக்கினு இரு." வேறு இடம் வரவில்லை. இரண்டு டிராவல்ஸில் கேட்டுப் பார்த்தான், அங்கேயும் அதே பேச்சு. அட்டை பழையபடி சட்டைப் பையில் உட்கார்ந்தது. ஆனால் சட்டை மாற்றும்போது அதை முதலில் எடுத்து வைக்கிற பழக்கம் மட்டும் போய்விட்டது. ஒருநாள் சட்டையோடு சட்டையாக ஊறவைத்த வாளிக்குள் கிடந்தது. ரோசம்மாள்தான் எடுத்துத் துடைத்து வைத்தாள்.

ஜெனிபருக்கு ஆரணியிலேயே பிரசவமாகி ஆண் குழந்தை பிறந்தது. ஸ்டீபனே கவரப்பேட்டைக்கு நேரில் வந்தான், விஷயத்தைச் சொல்ல. ஷெட்டிலிருந்து வீட்டுக்கு நடந்துபோய்க்கொண்டிருந்த மோசஸை ரோட்டில் பார்த்து வண்டியை நிறுத்தினான். "இன்னா மச்சான், டூட்டி இல்லியா? பேண்டெல்லாம் ஈரம்?"

"வண்டி கழுவுனேன் மாப்ள."

"உங்கள போயி கழுவ வைக்கிறானா அவன்? டிரைவரு கழுவணும்னு எந்தச் சட்டத்துல கீது? நான் வந்து பேசட்டா?" ஸ்டீபனுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. மோசஸ் வேண்டாம் என்று தலையசைத்தான். "சரி வுடுங்க. ஏறுங்க. மருமவன பாக்க வேணாமா? அப்டியே என்ன மாதிரின்னு உங்க தங்கச்சி சொல்லிக்கினு கீறா என்னாண்ட. ஆனா எனக்கு உங்க ஜாடைதான் தெரிது."

வழியில் ஒரு கடையில் மோசஸ் குழந்தைக்குச் சட்டையும் குல்லாவும் வாங்கினான். பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான். ஒரே ஹெல்மெட், அது ஸ்டீபன் தலையில். காற்று மோசஸின் கண்ணில் அறைந்தது. பழைய சினேகிதன் மாதிரி மாப்பிள்ளை பேசிக்கொண்டே ஓட்டினான், அன்றைக்கு வேகம்கூட அதிகமில்லை. கூட்டுரோட்டுக் கம்பம் வந்தபோது ஸ்டீபன் தலையைத் திருப்பி, "பாருங்க மச்சான், பொம்மை" என்று கத்தினான். மோசஸ் நிமிர்ந்து பார்த்தான்.

மெசேஜ் வந்ததும் அவன் மோனிகா கடைக்குப் போனான். அவள் திறந்து, பெரிதாக்கி, திரையை அவன் பக்கம் திருப்பினாள். நீல ஜாக்கெட். கறுப்புக் கண்ணாடி இறங்கிய ஹெல்மெட். அதற்குப் பின்னால், கேமராவை நேராகப் பார்த்தபடி, மடியில் துணிப்பையோடு மோசஸ். கண், மூக்கு, மீசை, நரை எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது.

மோனிகா மெதுவாகச் சொன்னாள். "அங்கிள், ஓட்றது அதே ஆளு. அதே ஜாக்கெட்டு. பின்னாடி நீங்க உக்காந்துகிறீங்க. இத்தினி நாளா இல்லாத சாட்சி இப்ப வந்துக்குது. பிரிண்ட் போட்டுத் தர்றேன், ஆபீசுல கொண்டுபோயி குடுங்க. அந்த ரெக்கார்ட எடுத்துடுவாங்களோ இன்னாவோ."

மோசஸ் வெகுநேரம் படத்தையே பார்த்தான். குல்லா போட்டுப் பார்த்தபோது குழந்தை கொட்டாவி விட்டதும், ஜெனிபர் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. ஷெட்டும் குழாயும் நினைவுக்கு வந்தன. ரோசம்மாள் அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது.

"இது எதுக்குமா போட்டுக்குது? ஸ்பீடா?"

"இல்ல அங்கிள். பின்னாடி உக்காந்தவரு ஹெல்மெட் போடல."

"அப்ப இது மட்டும் நான் பண்ணது" என்றான் மோசஸ். "கட்டிடுமா."

மோனிகா அவன் முகத்தைப் பார்த்தாள். பிரிண்டரை நோக்கிப் போன கையை இழுத்துக்கொண்டு, பணத்தைக் கட்டினாள்.